நழுவியே ஜெயித்த நுவோலாரி: டயருக்கும் தரைக்கும் நடுவே நடப்பது என்ன?

பழைய கார் பந்தயக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார்: "வளைவில் கார் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகிறது. ஓட்டுநர் பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரை மிதித்தபடியே இருக்கிறார். வழுக்கினால் பிடிமானம் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? அப்புறம் எப்படி அவர் ஜெயிக்கிறார்?"

இதற்கு விடை சொல்ல தாட்ஸியோ நுவோலாரி என்ற இத்தாலியரிடமிருந்து தொடங்குவதே சரி. 1892 நவம்பர் 16 அன்று, மாந்தோவா நகருக்குப் பக்கத்தில் காஸ்டெல் தாரியோ என்ற ஊரில் பிறந்தவர். குள்ளமான, மெலிந்த உடல். முதலில் மோட்டார் சைக்கிள் வீரராகத்தான் பெயர் வாங்கினார். 1925இல் மொன்சா தடத்தில் ஆல்ஃபா ரோமியோ காரை ஓட்டிப் பார்க்கும்போது பெரிய விபத்து. படுக்கையில் கிடக்க வேண்டியவர், சில நாட்களிலேயே உடம்பெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு, வண்டியில் உட்காரும் கோணத்திலேயே கட்டச் சொல்லி, அதே மொன்சாவில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டி ஜெயித்தார். கார்களுக்கு முழுமையாக மாறிய பிறகு இத்தாலியின் புகழ்பெற்ற சாலைப் பந்தயங்களான மில்லே மில்யா 1930இலும் 1933இலும், தார்கா ஃப்ளோரியோ 1931இலும் 1932இலும், 1932இல் ஐரோப்பிய சாம்பியன் பட்டம், 1933இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயம் என்று வெற்றிகள் வரிசைகட்டி வந்தன.

அவர் ஓட்டும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியவர், பின்னாளில் ஃபெராரி கார் நிறுவனத்தை உருவாக்கிய என்சோ ஃபெராரி. 1931இல் இத்தாலியின் மூன்று மாகாணங்கள் பந்தயத்துக்கான பயிற்சியின்போது ஃபெராரி அவர் காரில் உட்கார்ந்து போனார். முதல் வளைவிலேயே, இவர் தவறான இடத்தில் திருப்பிவிட்டார், பள்ளத்தில் விழப்போகிறோம் என்று ஃபெராரிக்கு உறுதியாகத் தோன்றியது. காரின் மூக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே வளைவின் உள்விளிம்பை நோக்கித் திரும்பிவிட்டது. நுவோலாரியின் கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழவே இல்லை. நான்கு சக்கரங்களும் ஒன்றாக நழுவின. கார் வெளிப்பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போய், வளைவு முடியும் இடத்தில் நேர்ச்சாலையை நோக்கிச் சரியாக நின்றது. அதன் பிறகு ஸ்டியரிங்கைத் திருத்த வேண்டிய தேவையே வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் இதுவே நடந்தது. அந்தப் பந்தயத்தில் நுவோலாரி முதலிடம், ஃபெராரி இரண்டாமிடம். ஃபெராரி ஓட்டுநராகக் கலந்துகொண்ட கடைசிப் பந்தயமும் அதுதான்.

சரி, அறிவியலுக்கு வருவோம். கார் திரும்புவதற்குப் பக்கவாட்டு விசை வேண்டும், அதை உராய்வு தருகிறது என்பது பள்ளிப் பாடம். ஆனால் உருளும் டயரில் அந்த உராய்வு எப்படிப் பிறக்கிறது? எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகவும் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ஒரு டயர் தரையைத் தொடும் பகுதி ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதைத் தொடுதிட்டு என்போம். டயர் உருளும்போது ரப்பரின் ஒரு சிறு துண்டு திட்டின் முன்விளிம்பில் தரையைத் தொடுகிறது, திட்டைக் கடக்கிறது, பின்விளிம்பில் தரையை விட்டு எழுகிறது. வேகமாகப் போகும் காரில் இதற்கு ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. இப்போது அந்தத் திட்டு முழுக்க, பல் துலக்கும் பிரஷில் இருப்பது போலக் குட்டையான நார்கள் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பொறியாளர்கள் இந்தக் கணித மாதிரிக்குப் பிரஷ் மாதிரி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஸ்டியரிங்கை லேசாகத் திருப்புகிறோம். சக்கரம் பார்க்கும் திசையும் அது உண்மையில் நகரும் திசையும் சில பாகை வேறுபடுகின்றன. இந்த வேறுபாட்டை நழுவு கோணம் என்போம். முன்விளிம்பில் தரையைத் தொடும் நார் நேராக நிற்கிறது. அதன் நுனி தரையைப் பிடித்துக்கொள்கிறது. சக்கரமோ நுனி போகும் திசையிலிருந்து சற்று விலகிப் பார்க்கிறது, ஆகவே டயரோடு ஒட்டியிருக்கும் நாரின் அடி ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறது. நார் வளைகிறது. பின்னால் போகப் போக வளைவு கூடுகிறது. வளைந்த ஒவ்வொரு நாரும் நிமிரப் பார்க்கிறது. அந்த முயற்சிகளின் கூட்டுத்தொகைதான் காரைத் திருப்பும் பக்கவாட்டு விசை.

மாணவரின் கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிட்டது. நழுவு கோணம் சுழியம் என்றால் நார்கள் வளையாது, நார்கள் வளையாவிட்டால் திருப்பும் விசையும் கிடையாது. பால் வாங்கக் கடைக்குப் போகும் காரும் ஓரிரு பாகை நழுவித்தான் தெருமுனையில் திரும்புகிறது, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கோணத்தைக் கூட்டினால் விசையும் கூடும். ஆனால் நாரின் பிடிக்கு எல்லை உண்டு. திட்டின் பின்விளிம்புக்கு அருகே தரையின் மேல் அழுத்தம் குறைவு, நாரின் வளைவோ அங்கேதான் அதிகம். ஆகவே முதலில் பின்பக்க நார்கள் பிடியை விட்டு வழுக்குகின்றன. கோணம் கூடக் கூட, வழுக்கும் பகுதி பின்னாலிருந்து முன்னோக்கிப் பரவுகிறது. ஒரு கட்டத்தில் மொத்த விசை உச்சத்தைத் தொடுகிறது. அதைத் தாண்டினால் விசை குறையத் தொடங்கும்.

இதைவிட அழகான விஷயம் ஒன்று உண்டு. பின்பக்க நார்கள் அதிகம் வளைவதால், பக்கவாட்டு விசையின் மையம் சக்கரத்தின் நடுவில் இல்லாமல் சற்றுப் பின்னால் விழுகிறது. அந்தச் சில சென்டிமீட்டர் தூரம் நெம்புகோல் மாதிரி வேலை செய்து சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. வளைவில் ஸ்டியரிங் கனமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பின்பக்க நார்கள் வழுக்கத் தொடங்கியதும் விசையின் மையம் முன்னால் நகர்கிறது, நெம்புகோல் குட்டையாகிறது, ஸ்டியரிங் லேசாகிவிடுகிறது. இது பக்கவாட்டு விசை உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது! டயர் தன் எல்லை வருவதை ஓட்டுநரின் உள்ளங்கைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நுவோலாரியின் துணிச்சலைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்தச் செய்தியை வாசிக்கத் தெரிந்த அந்தக் கைகளைத்தான் பாராட்டுவேன்.

இனி ஆக்சிலேட்டருக்கு வருவோம். ஒரு டயரால் தர முடிந்த மொத்த உராய்வு ஓர் எல்லைக்குள் அடங்கும். அதை முன்னோக்கித் தள்ளவும் பக்கவாட்டில் இழுக்கவும் பங்கு போட வேண்டும். இவ்விரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. ஆகவே பித்தாகரஸ் தேற்றப்படி, எல்லையில் 60 விழுக்காட்டை முன்னோக்கித் தள்ளுவதற்குச் செலவழித்தாலும் பக்கவாட்டுக்கு 80 விழுக்காடு மிஞ்சும். எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றும் காரில் ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தால் பின்சக்கரத்தின் பக்கவாட்டுப் பங்கு குறையும், பின்பகுதி வெளியே ஒதுங்கும், மூக்கு உள்ளே திரும்பும். காலைச் சற்று எடுத்தால் பின்பகுதி மீண்டும் பிடித்துக்கொள்ளும். நுவோலாரி திசையைக் கையால் மட்டும் கட்டுப்படுத்தவில்லை, வலது காலாலும் கட்டுப்படுத்தினார்.

இப்படி நழுவினால் வேகம் குறையாதா? குறையும். நழுவு கோணம் 10 பாகை என்றால் அதன் சைன் மதிப்பு 0.17. அதாவது பக்கவாட்டு விசையில் 17 விழுக்காடு காரைப் பின்னோக்கி இழுக்கிறது. அதை ஈடுகட்டத்தான் ஆக்சிலேட்டர். அதற்கு மேல் அக்காலத்து டயர்கள் வேறு மாதிரியானவை. ஒடுக்கமான டயர்கள், உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய பருத்தி இழைகள். அவற்றில் விசையின் உச்சம் பெரிய கோணத்தில்தான் வரும், உச்சத்துக்குப் பிறகும் விசை மெதுவாகவே சரியும். கண்ணுக்குத் தெரியும்படி நழுவ விட்டால்தான் முழுப் பிடிமானமும் கிடைக்கும்.

1935 ஜூலை 28, நூர்பர்க்ரிங் தடம், ஜெர்மன் கிராண்ட் பிரி பந்தயம். ஜெர்மன் நிறுவனங்களான மெர்சிடிஸும் ஆட்டோ யூனியனும் சேர்ந்து ஒன்பது கார்களை இறக்கியிருந்தன. நுவோலாரியின் ஆல்ஃபா ரோமியோ பி3 ஏற்கெனவே பழையது, குதிரைத் திறனில் மெர்சிடிஸைவிட நூறு போலக் குறைவு. தடம் ஈரமாக இருந்தது. ஈரத்தில் டயர் கடத்தக்கூடிய விசை குறையும், எஞ்சினின் கூடுதல் திறன் பயன்படாமல் போகும். எரிபொருள் நிரப்ப நின்றபோது பம்பு பழுதாகி இரண்டு நிமிடத்துக்கு மேல் போனது. ஆறாம் இடத்துக்கு இறங்கியவர் ஒவ்வொருவராகத் தாண்டி இரண்டாமிடத்துக்கு வந்தார். கடைசிச் சுற்று தொடங்கும்போது முன்னால் இருந்த மெர்சிடிஸ் ஓட்டுநர் மான்ஃபிரெட் ஃபான் பிராவ்கிச் அரை நிமிடம் போல முன்னணியில் இருந்தார். அந்தச் சுற்றில் அவருடைய பின்டயர் வெடித்தது, நுவோலாரி ஜெயித்தார். அதிர்ஷ்டம் என்று பலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. டயரில் பிறக்கும் வெப்பம் விசையையும் வழுக்கும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது. துரத்தும் நுவோலாரியைத் தடுக்க அந்தப் பெரிய எஞ்சினின் திறனையெல்லாம் தேய்ந்த ரப்பர் வழியே செலுத்திக்கொண்டிருந்தார் பிராவ்கிச்.

அதிர்ஷ்டம் என்றதும் நுவோலாரியின் ஆமை நினைவுக்கு வருகிறது. 1932இல் கவிஞர் கப்ரியேலே தன்னுன்சியோ, மிக வேகமான மனிதருக்கு மிக மெதுவான விலங்கு என்று சொல்லி அவருக்குத் தங்க ஆமை ஒன்றைப் பரிசளித்தார். அதிலிருந்து ஆமைதான் அவர் சின்னம், சட்டையிலும் அதைக் குத்திக்கொண்டு ஓட்டினார். நம் ஊரிலோ ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். ஒரே பிராணி ஓரிடத்தில் காவல், இன்னோரிடத்தில் கேடு! ஆமைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவருடைய இரண்டு மகன்களும் 1937இலும் 1946இலும் பதினெட்டு வயதில் நோயால் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்கு ஆமையைக் குறை சொல்வது எவ்வளவு அநியாயமோ, நூர்பர்க்ரிங் வெற்றிக்கு அதைப் புகழ்வதும் அவ்வளவு அநியாயம்.

1938இல் அவர் ஆட்டோ யூனியனுக்கு மாறினார். எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் கார் அது, பின்பகுதியின் நடத்தையை ஓட்டுநர் உணர்வது கடினம். 45 வயதில் அதையும் பழகி அந்த ஆண்டே மொன்சாவிலும் இங்கிலாந்தின் டோனிங்டனிலும் ஜெயித்தார். 1953 ஆகஸ்ட் 11 அன்று மாந்தோவாவில் காலமானார்.

நழுவு கோணத்தின் கணக்கு அவர் ஓட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் எழுதப்பட்டது. பிரான்சில் ஜார்ஜ் புரூலியே 1925இல் டயரின் பக்கவாட்டு நழுவலைப் பற்றி எழுதினார், 1930களில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் மாரிஸ் ஆலி அதைக் காரின் நடத்தையோடு பொருத்திக் காட்டினார். இன்று உலகம் முழுதும் பயன்படும் டயர் சூத்திரம் 1980களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் பசேய்காவும் கூட்டாளிகளும் உருவாக்கியது. அதற்கு மாய சூத்திரம் என்றே பெயர். அளந்த தரவுகளுக்கு அது அற்புதமாகப் பொருந்துகிறது, ஆனால் இயற்பியலின் அடிப்படை விதிகளிலிருந்து அது பிறக்கவில்லை. பொறுமையாக, ஆண்டுக்கணக்கில், ஒரு டயரை உருட்டி உருட்டி அளந்ததால் கிடைத்தது. ராக்கெட்டுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் நிதி கேட்டால் எளிதில் புரிகிறது, ரப்பரை உருட்டி அளக்க நிதி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். சென்னையைச் சுற்றி இத்தனை டயர் ஆலைகள் இருக்கின்றன; பக்கத்திலேயே இருக்கும் நம் பொறியியல் கல்லூரிகளில் இந்த அளவீட்டு வேலைக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். மழை நாளில் ஒரு பேருந்து நிற்க எத்தனை மீட்டர் ஆகும் என்பதும் இதே கணக்கில்தான் இருக்கிறது.

இன்றைய ஃபார்முலா ஒன் கார்கள் தண்டவாளத்தில் போவது போலத் திரும்புவதற்கும் டயர்தான் காரணம். 1946இல் மிஷெலின் நிறுவனம் காப்புரிமை எடுத்த ரேடியல் வகை டயரின் உள்ளமைப்பு வேறு. அதில் விசையின் உச்சம் சிறிய கோணத்திலேயே வந்துவிடுகிறது, அதைத் தாண்டி நழுவினால் நேர இழப்புதான். சரளைக்கல் பாதையில் ஓடும் ராலி கார்களில் மட்டும் நிலைமை தலைகீழ். அங்கே பக்கவாட்டில் போகும் டயர் கற்களை உழுது தன் ஓரத்தில் குவித்துக்கொள்கிறது, அந்தக் குவியல் கூடுதலாகத் தாங்கிப் பிடிக்கிறது. அதனால் உச்சம் மீண்டும் பெரிய கோணத்துக்குப் போய்விடுகிறது, ராலி ஓட்டுநர்களும் வளைவு வருவதற்கு முன்பே காரைக் குறுக்காகத் திருப்பிவிட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்கள்.