உப்புக் கரைசலில் மிதப்பவையும் மூழ்குபவையும்

ஆற்று நீரிலோ ஏரி நீரிலோ நுண்நெகிழி (மைக்ரோபிளாஸ்டிக்) இருக்கிறதா என்று பார்க்க விரும்பும் கல்லூரி மாணவர்கள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்ததும் முதலில் கேட்பது, பல லட்ச ரூபாய்க் கருவி இல்லாமல் இது முடியுமா என்பதுதான். நுண்நெகிழி எனப்படும் 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகள்களைப் பிரித்து எண்ணுவதற்குச் சல்லடையும் உப்பும் நுண்ணோக்கியும் பெரும்பாலும் போதும். அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று உறுதிசெய்யத்தான் அகச்சிவப்பு நிறமாலைக் கருவியோ, லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பொருளை அடையாளம் காணும் இராமன் நிறமாலைக் கருவியோ வேண்டும்.

மாதிரியை எவர்சில்வர் குடத்தில் மொண்டு, 5 மில்லிமீட்டர் எஃகுச் சல்லடையின் கீழே 0.3 மில்லிமீட்டர் சல்லடையை வைத்து, அளந்த நீரை ஊற்றுவோம். கீழ்ச் சல்லடையில் தங்கியதைக் கண்ணாடிப் பீக்கருக்கு மாற்றி, பாசியும் இலைத் துணுக்குகளும் சிதைய, இரும்பு சல்பேட் கரைசலும் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து 75 டிகிரி வரை சூடேற்றுவோம். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா (NOAA) 2015இல் வெளியிட்ட கையேட்டில் உள்ள முறை இது. அடுப்பில் வைத்த பாலைப் போலவே இதுவும் கவனம் தப்பிய நொடியில் பொங்கிவிடும். அப்படிப் பொங்கி வழிந்த மாதிரியைத் திரும்ப அள்ள வழியில்லை.

பிறகுதான் உப்பு. லிட்டருக்கு ஏறத்தாழ 360 கிராம் கரைத்தால் கரைசலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம் ஆகும்; அதைவிட அடர்த்தி குறைந்தவை மிதக்கும். பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் வெறும் நீரிலேயே மிதப்பவை. பாலிஸ்டைரீனையும் நைலானையும் உப்பு மேலே தூக்கும். தண்ணீர் பாட்டிலும் பாலியஸ்டர் துணியும் ஆன பெட் பிளாஸ்டிக்கும், குழாய்களில் வரும் பிவிசியும் 1.3க்கு மேற்பட்ட அடர்த்தி கொண்டவை என்பதால் அடியில் மண்ணோடு தங்கிவிடும். ஆகவே உப்பை மட்டும் பயன்படுத்திவிட்டு, 'இந்த ஏரியில் துணி இழைகள் குறைவு' என்று எழுதுவது தவறு. துத்தநாகக் குளோரைடு இவற்றையும் மிதக்க வைக்கும். ஆனால் அது தோலை அரிக்கும், நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. அதைக் கழுவுதொட்டியில் கொட்டாமல், வடிகட்டித் திரும்பப் பயன்படுத்த வேண்டும்.

மிதந்ததை வடிதாளில் வாங்கி நுண்ணோக்கியில் பார்க்கையில், ஐயமான துகளைச் சூடான ஊசி முனையால் தொடுவோம். பெரும்பாலான பிளாஸ்டிக்குகள் உருகும் அல்லது சுருளும், மணல் அசையாது. நைல் சிவப்புச் சாயம் ஏற்றி, நீல ஒளியில் ஆரஞ்சுக் கண்ணாடி வழியே பார்த்தால் துகள்கள் ஒளிரும். முன்பே சொன்ன சிதைப்பு முழுமையாகாவிட்டால், எஞ்சிய கொழுப்பும் சேர்ந்து ஒளிர்ந்து ஏமாற்றும்.

எங்களை மிக ஏமாற்றியது இவற்றில் எதுவுமல்ல. இந்தியக் கடல் உப்பிலேயே நுண்நெகிழி இருப்பதை மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். எனவே கரைசலைக் கண்ணாடி இழை வடிதாளில் வடிகட்டிய பிறகே பயன்படுத்துகிறோம். அப்படியும் ஒரு நாள், வாலை வடிநீரை மட்டும் வைத்து எல்லாப் படிகளையும் செய்து பார்த்த வெற்று மாதிரியின் தாளில் மெல்லிய நீல இழைகள் நான்கு கிடந்தன. அன்று நான் அணிந்திருந்த பாலியஸ்டர் சட்டையும் அதே நீலம். அந்த வாரம் எண்ணி முடித்திருந்த மாதிரிகள் அனைத்திலும் நீல இழைக்கான பத்தியை அடித்துவிட்டு, பருத்திக் கோட்டுடன் மீண்டும் தொடங்கினோம்.