ராஷ் என்றால் சொறியா?

தோல் மருத்துவரைப் பார்க்கும் முன் என்னென்ன குறித்துக்கொள்வது என்று சொல்லும் தமிழ்க் குறிப்புகளில் "உங்கள் சொறி எப்போது தொடங்கியது?" என்ற கேள்வியைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஆங்கிலத்தில் ராஷ் (rash) என்று இருப்பதைத்தான் இப்படிச் சொறி என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள்.

ஆங்கில ராஷ், சுரண்டுதல் என்னும் பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்திருக்கலாம் என்பார்கள். அவசரபுத்தியைக் குறிக்கும் ராஷ் வேறு, அது ஜெர்மானியச் சொல். வேரே சுரண்டல்தானே, சொறி சரிதானே என்று வாதாடலாம். வாதாடட்டும். இன்றைய ராஷ் தோலின் நிறமோ தன்மையோ மாறுவதைக் குறிக்கும் பொதுச்சொல், அரிப்பு இருந்தாக வேண்டியதில்லை. டெங்குவில் வருவதும் ராஷ், தட்டம்மையில் வருவதும் ராஷ், மருந்து ஒவ்வாமல் சிவந்துபோவதும் ராஷ்.

சொறி அப்படியா? சொறியாமல் சொறி ஏது? சொறி சிரங்கு என்றால் நம் மனதில் வருவது மிகச் சிறிய உண்ணி ஒன்று தோலுக்குள் குடைந்து உண்டாக்கும் நோய். விரலிடுக்கில் தொடங்கும், இரவில் அரிப்பு கூடும், வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து மருந்து போட வேண்டியிருக்கும். போதாததற்குச் சொறிநாய் என்ற வசவு வேறு. தட்டம்மை கண்ட குழந்தையின் தாயிடம் "சொறி இருக்கிறதா?" என்று கேட்டால் "சேச்சே, இல்லை" என்றுதான் சொல்வார். படிவத்திலும் அப்படியே பதிவாகும்.

சிலர் வெடிப்பு என்கிறார்கள். அது பாதத்தில் வருவது. தனித்தமிழ் அன்பர்கள் சினப்பு என்பார்கள். நல்ல சொல்தான், ஆனால் புதிதாகப் படிப்பவருக்குக் கோபம்தான் நினைவுக்கு வரும். என் ஓட்டு தடிப்புக்கு. "உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு" என்றுதானே பேசுகிறோம்? மேடாகாமல் சிவந்து மட்டும் இருந்தால் தடிப்பு பொருந்தாது என்பது நியாயமான மறுப்பு. சரி, அங்கே "சிவப்புப் புள்ளி" என்று எழுதட்டுமே. ஒரு சொல்லுக்கு ஒரே சொல்தான் என்று யார் சட்டம் போட்டது? வேர்க்குரு, படர்தாமரை, அக்கி, திடீரென்று தடித்து அரிக்கும் காணாக்கடி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்த மொழி இது.

தடவச் சொல்லும் ஆங்கில அப்ளையை "களிம்பை விண்ணப்பிக்கவும்" என்று எழுதுகிறவர்களிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது அதிகம்தான். எழுத வேண்டியதோ எளிது: "தடிப்போ சிவப்போ முதலில் எங்கே வந்தது? காய்ச்சல் உண்டா? புதிதாக என்ன மருந்து சாப்பிட்டீர்கள்? கடையில் வாங்கி என்ன களிம்பு தடவினீர்கள்?" கடைசிக் கேள்வி முக்கியம், ஸ்டீராய்டு களிம்பு தடவினால் படர்தாமரையின் உருவமே மாறிவிடும். காணாக்கடி என்றால் போட்டோவும் எடுத்து வரச் சொல்லலாம், அந்தத் தடிப்பு பெரும்பாலும் ஒரு நாளுக்குள் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும்.