தெறித்த விளிம்பும் மணவாளக்குறிச்சி மணலும்

எங்கள் ஆச்சிக்குக் கொழும்பிலிருந்து வந்த கண்ணாடி டம்ளர்கள் ஆறு. நாகர்கோவில் வீட்டில் ஏதாவது விசேஷம் என்றால்தான் அவை அலமாரியை விட்டு இறங்கும். போன வருஷம் கழுவும்போது குழாயில் இடித்து, ஒன்றின் விளிம்பில் அரிசி அளவுக்குச் சில்லு தெறித்துவிட்டது. வாய் வைத்தால் உதடு கிழியும். ஆனாலும் தூக்கிப் போட மனசு வரவில்லை.

தெறித்த இடத்தை உற்றுப் பார்த்தால் சிப்பியின் உட்புறம் போல வளைந்து, அலையலையாக வரி ஓடியிருக்கும். கல்லுப்பை உடைத்தால் தட்டையான முகங்கள் கிடைக்கும். அதில் அணுக்கள் வரிசையாக அடுக்கியிருப்பதால் விரிசல் அந்த வரிசையை ஒட்டியே ஓடுகிறது. கண்ணாடியின் அணுக்களுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. விசை போகிற வழியில் விரிசலும் வளைந்து போகிறது.

அணுப் பிணைப்புகளின் பலத்தைக் கணக்கிட்டால் கண்ணாடி இவ்வளவு லேசில் உடையவே கூடாது. 1920-களின் தொடக்கத்தில் ஏ.ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதற்குக் காரணம் சொன்னார். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கின்றன, இழுவிசை முழுவதும் அவற்றின் முனையில் குவிகிறது என்றார். ஈரம் இதை இன்னும் மோசமாக்கும். நீர் மூலக்கூறு கீறலின் முனைக்குள் நுழைந்து சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பைப் பிரித்துவிடும். நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. தெறித்த டம்ளரை அப்படியே புழங்கினால் அது ஒருநாள் திடீரென்று விரிசல் விடுவது இதனால்தான்.

சரி, எப்படிச் சரிசெய்வது? போன சில்லைத் திரும்ப ஒட்டுவதில்லை. விளிம்பு முழுவதையும் அந்தச் சில்லின் ஆழத்துக்கு இறக்கிவிடுகிறோம். சமமான ஒரு கண்ணாடித் தகட்டில் தண்ணீர் தெளித்து, பெயின்டர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பரை விரித்து, டம்ளரைக் கவிழ்த்து எட்டு வடிவில் தேய்க்க வேண்டும். அந்தத் தாளில் இருப்பது சிலிக்கான் கார்பைடு. கண்ணாடியைவிட எவ்வளவோ கடினமானது. அதன் ஒவ்வொரு துகளும் கண்ணாடியில் ஒரு குட்டி விரிசலை உண்டாக்கி, பொடியளவு சில்லைப் பெயர்க்கிறது. பெரிய உடைப்பை ஆயிரக்கணக்கான சின்ன உடைப்புகளால் சரிசெய்கிறோம், அவ்வளவுதான்.

220-ஆம் எண் தாளில் தொடங்கி 400, 600, 1000, 2000 என்று போக வேண்டும்; எண் கூடக் கூடத் தாள் நைசாகும். ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் விட்டுப்போன விரிசல் அடுக்கு முழுவதையும் நீக்கிய பிறகுதான் அடுத்ததற்கு மாறலாம். இதில் அவசரப்பட்டால் கடைசியில் எவ்வளவு மெருகேற்றினாலும் அடியில் கிடக்கும் கீறல் தெரியும். நானும் அவசரப்பட்டேன், திரும்ப 400-க்குப் போக வேண்டியதாயிற்று.

தண்ணீர் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. கண்ணாடி வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. தேய்க்கும் இடம் மட்டும் சூடாகி விரிந்தால் பக்கத்தில் விரிசல் விழும். அதைவிட முக்கியம், கண்ணாடித் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது. தண்ணீர் அதை அமுக்கி வைக்கும்.

இவ்வளவும் முடிந்தபின் விளிம்பு வெள்ளையாக, பனி படர்ந்தது போல இருக்கும். அங்கே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிப் பாருங்கள், பளிச்சென்று தெளிந்துவிடும். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் கண்ணாடிக்குச் சுமார் 1.52, எண்ணெய்க்கு 1.45 பக்கம்; இரண்டும் நெருக்கம். எண்ணெய் கீறல்களை நிரப்பியதும் ஒளி சிதறுவது வெகுவாகக் குறைகிறது. பள்ளத்தை எபாக்சி பசையால் நிரப்பி மறைப்பதும் இதே தந்திரம்தான். பார்வைக்கு வைக்கும் பொருளுக்கு அது நல்ல வழி. ஆனால் நாளாவட்டத்தில் மஞ்சளாகும், வாய் வைத்துக் குடிக்கும் பாத்திரத்துக்கு வேண்டாம்.

நிரந்தரத் தெளிவுக்குச் சீரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு பொடி வேண்டும். தண்ணீரில் குழைத்து, கம்பளிப் பட்டையில் தொட்டுத் தேய்க்க வேண்டும். இந்தப் பொடி கண்ணாடியைவிடப் பெரிதாகக் கடினமானது அல்ல. ஈரத்தில் கண்ணாடியின் மேலடுக்கு இளகுகிறது. சீரியம் அங்குள்ள சிலிக்காவோடு பிணைந்து, அதைத் துளித்துளியாகக் கழற்றிக்கொண்டு போகிறது. பாதி தேய்ப்பு, பாதி வேதியியல். கீறல்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியதாகும்போது கண்ணுக்கு எதுவும் தெரியாது.

இந்தச் சீரியம் நம் மண்ணிலும் இருக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து போன கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அந்த மணல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையுடையது. காஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேன்டிலுக்கு வேண்டிய தோரியம் மோனசைட்டில் இருக்கிறது, அதற்காகத்தான் அன்று அதைத் தேடினார்கள். அதே மோனசைட்டில் உள்ள அருமண் தனிமங்களில் அதிகம் இருப்பது சீரியம். இன்று அங்கே மணலைப் பிரிப்பது மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல் நிறுவனம். அந்தக் கரையில் சிவப்பாகப் படியும் கார்னெட் என்ற கனிமமும் தேய்ப்புப் பொடிதான். சின்ன வயதில் அந்த மணலில் கால் புதைய நடந்தவனுக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

எல்லாக் கண்ணாடிக்கும் இந்த வைத்தியம் சரிவராது. சில்லிலிருந்து கோடு போல விரிசல் கீழே இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய டம்ளர்களைத் தேய்க்கவே கூடாது. அவற்றின் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்புறம் இழுவிசையிலும் இருக்கும். அந்தச் சமநிலை குலைந்தால் மொத்தமும் கையிலேயே பொடியாகும். கனமான பழைய கிரிஸ்டல் கண்ணாடி என்றால் அதில் ஈயம் இருக்கலாம், தேய்த்த தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

ஆச்சியின் டம்ளர் இப்போது மற்ற ஐந்தைவிட இரண்டு மில்லிமீட்டர் குட்டை. கிறிஸ்துமஸுக்கு வந்த சித்தி அதில்தான் சுக்குக்காப்பி குடித்தார்.