'என்னைப் போல ஒரு பெண்ணோடு கதைக்க வேணும்' என்று கேட்கலாம்

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் உள்ள பாலியல் நோய் கிளினிக்குக்குப் போக, வேறு டொக்டரிடம் துண்டு வாங்கத் தேவையில்லை. நேரே போகலாம். பரிசோதனை, ஆலோசனை, குளிசை எல்லாமே இலவசம். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மருந்தை இலங்கை அரசு 2004 முதல் காசு வாங்காமல்தான் கொடுத்து வருகிறது. இவ்வளவும் ஓரளவு தெரிந்த விஷயம். எச்.ஐ.வி.யோடு வாழும் இன்னொரு பெண்ணைச் சந்திக்க வேண்டும் என்று அங்கேயே கேட்கலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

இதற்குச் சகபாடி ஆதரவு என்று பெயர். பெயரில் கொஞ்சம் பள்ளிக்கூட வாசம் அடித்தாலும் விஷயம் எளிது. சில வருடங்களாகக் குளிசை போட்டு நலமாக இருக்கும் ஒரு பெண், நேற்று ரிசல்ட் கிடைத்த பெண்ணுக்குத் துணையாக வருகிறார். இது கொடுப்பனவுத் திட்டம் அல்ல. கிராம அலுவலரின் கையொப்பமும் வேண்டாம், அப்பாடா! தொற்றோடு வாழ்பவர்கள் தாங்களே நடத்தும் அமைப்புகள் நாட்டில் இருக்கின்றன, பெண்களுக்கென்று தனியாகவும் உண்டு. அவர்களோடு தொடர்பு எடுத்துத் தரும்படி கிளினிக்கில் டொக்டரிடமோ மிஸ்ஸியிடமோ கேளுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் பெயரோ நம்பரோ யாருக்கும் போகக் கூடாது. நீங்கள் அவரை அழைப்பதா, அவர் உங்களை அழைப்பதா என்பதையும் நீங்களே சொல்லலாம்.

பெண்களுக்கு இது ஏன் தனியாக வேண்டும்? கர்ப்பவதி கிளினிக்கில் எடுக்கும் இரத்தத்தில் எச்.ஐ.வி.யும் பார்க்கிறார்கள். அதனால் சில வீடுகளில் கணவனுக்கு முன்பே மனைவிக்கு ரிசல்ட் வந்துவிடுகிறது. முதலில் தெரியவந்தவள்தான் கொண்டுவந்தாள் என்று மாமியார் வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். யாருக்கு முதலில் தொற்றியது என்று அந்தப் பரிசோதனை சொல்லவே சொல்லாது. ஆனால் அதே பரிசோதனைதான் பிள்ளையைக் காக்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 வீதம் வரை. சிகிச்சையோடு அதை 5 வீதத்துக்கும் கீழே கொண்டுவரலாம். தாயிலிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்று கொடுத்தது.

சரி, துணையாக வரும் அந்த அக்கா என்னதான் சொல்வார்? பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். டொலுடெகிராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சேர்ந்த குளிசை போடுகிற பிள்ளைத்தாச்சிக்கு, மருத்துவமாது கொடுக்கும் இரும்பு, கல்சியம் குளிசைகளும் இருக்கும். வெறும் வயிற்றில் எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கினால் எச்.ஐ.வி. மருந்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு போட்டால் ஒன்றாகப் போடலாம், இல்லாவிட்டால் எச்.ஐ.வி. குளிசையை மற்றவற்றுக்கு 2 மணித்தியாலம் முந்தி, அல்லது 6 மணித்தியாலம் பிந்திப் போட வேண்டும். டொக்டரும் இதைச் சொல்லியிருப்பார். ரிசல்ட் கேட்ட அன்றைக்கு யாருக்குக் காது கேட்டது? போத்தல் கைப்பையில் கிலுகிலு என்று சத்தம் போடாமல் இருக்க மேலே பஞ்சு வைப்பதை டொக்டர் சொல்ல மாட்டார், அக்கா சொல்வார். பஸ்ஸில் ஏறினாலே "எங்க பிள்ளை போறாய்?" என்று கேட்கிற ஊரில் இதெல்லாம் பெரிய உதவி.

ஒழுங்காக மருந்து எடுத்து, வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நின்றால் உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. இதைப் படித்து நம்புவது ஒன்று, கணவரோடும் தொற்றில்லாத பிள்ளைகளோடும் வாழ்கிற ஒருத்தி வாயால் கேட்பது வேறு.

அவர் செய்யக் கூடாதவையும் உண்டு. மருந்தை மாற்றச் சொல்ல முடியாது. நீங்கள் கேட்காமல் உங்கள் வீட்டுக்கு வரவோ, கணவரிடம் விஷயத்தை உடைக்கவோ கூடாது. குளிசையை விட்டுவிட்டுக் கஷாயம் குடி என்று யாராவது சொன்னால், அவர் துணை வேண்டாம். கிளினிக்கில் சொல்லி வேறொருவரைக் கேளுங்கள்.

மறந்துபோகிற ஒன்று: எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு. அதற்கான பரிசோதனை எப்போது என்று அடுத்த தடவை போகும்போதே கேட்டு விடுங்கள். தனியே கேட்கக் கூச்சமாக இருந்தால் அக்காவையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

அரச ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ தொற்றைக் காட்டி ஒதுக்கினால், அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை தரும் சமத்துவ உரிமையை வைத்து உயர் நீதிமன்றம் போகலாம். அதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அவர்களுக்கு யாழ்ப்பாணத்திலேயே அலுவலகம் இருக்கிறது. நடந்த திகதியை அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.