அந்த ஆர்க்கிட் தாகத்தில் வாடவில்லை

போன வாரம் மட்டும் என் நர்சரிக்கு வேர் அழுகிய ஆர்க்கிட் மூன்று வந்தன. மூன்றாவதைக் கொண்டுவந்த அம்மாவிடம் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். அவர் போன பிறகு மனசு கேட்கவில்லை. மகள் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த வெள்ளை ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் அது. "தம்பி, ஒரு நாள்கூட தண்ணி ஊத்தாம இருந்ததில்லப்பா" என்றார். அதுதானம்மா பிரச்சினையே. செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து, அடியில் ஓட்டையே இல்லாத பீங்கான் தொட்டியில் நட்டிருந்தார். கவிழ்த்தால் சாக்கடை வாடை. வேரை விரலால் பிடித்து இழுத்தால் தோல் கழன்று வந்து, நடுவில் நூல் மாதிரி ஒன்று மட்டும் தொங்குகிறது.

சென்னையில் நர்சரி வைத்திருக்கிறேன். என்னிடம் வரும் ஆர்க்கிட்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் செத்துப்போய் வருகின்றன, பூச்சியாலும் வெயிலாலும் சாவது கொஞ்சம்தான்.

நம் ஆட்களின் கணக்கு ரொம்ப எளிது: இலை துவண்டால் தண்ணீர் ஊற்று. செம்பருத்திக்கு அது சரி. ஆர்க்கிட்டில் இலை சுருங்கித் தோல்போல ஆகிறது என்றால் முக்கால்வாசி நேரம் வேர் அழுகிவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் இருக்கிறது, குடிக்க வாய்தான் இல்லை. நீங்கள் மேலும் ஊற்றுகிறீர்கள், மிச்சமிருந்த நாலு வேரும் போகிறது, இலை இன்னும் துவள்கிறது, பதறிப்போய் இன்னொரு சொம்பு. ஆகவே இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள், வேரைப் பாருங்கள். காய்ந்திருந்தால் வெள்ளிபோல வெளுத்திருக்கும், நனைந்தால் பச்சையாகும். அது வெளுத்த பிறகு ஊற்றினால் போதும். நாங்கள் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தொட்டியில் விற்பது கஞ்சத்தனத்தால் அல்ல, உங்களுக்கு வேர் தெரிய வேண்டும் என்றுதான்!

அப்புறம் மண். வீட்டில் வளர்க்கிற ஃபெலனாப்சிஸ், டென்ட்ரோபியம், வாண்டா எல்லாமே மரக்கிளையில் ஒட்டி வளர்கிற சாதி. ஒட்டி வளரும் என்றதும் "புல்லுருவியா சார்?" என்று கேட்காதீர்கள், மரத்திலிருந்து ஒரு சொட்டுச் சாறுகூட அது உறிஞ்சாது, உட்கார இடம்தான் கேட்கிறது. மழையில் நனைந்து அடுத்த சில மணி நேரத்தில் காற்றில் உலர்ந்துவிடும் வேர் அது. அதைக் கொண்டுபோய் மண்ணில் புதைத்தால் மூச்சுமுட்டிச் சாகாமல் என்ன செய்யும்? அடுப்புக்கரி, உடைத்த செங்கல், தேங்காய் மட்டைத் துண்டு இவ்வளவுதான் வேண்டும். மட்டையை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டிவிட்டுப் போடுங்கள்.

இதில் எங்கள் தொழில்காரர்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. தூரத்திலிருந்து வருகிற செடிக்கு வழியில் ஈரம் நிற்க வேண்டும் என்று வேருக்கு நடுவில் ஸ்பாக்னம் என்கிற பாசியை அழுத்தித் திணித்திருப்பார்கள். அதைச் சொல்லாமலே விற்கிறோம். வெளியே காய்ந்து தெரியும், உள்ளே பத்து நாள் ஈரம் நிற்கும். பூ முடிந்ததும் அந்த உருண்டையை எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே அழுகியிருந்தால் செடியை வெளியே எடுத்து, தீயில் காட்டிய கத்தரிக்கோலால் கொழகொழத்த வேரை மட்டும் வெட்டுங்கள். அமுக்கினால் கெட்டியாக இருப்பது நல்ல வேர், நிறம் எப்படியிருந்தாலும் விட்டுவிடுங்கள். ஒரு நாள் நிழலில் உலரட்டும், பிறகு கரியில் வையுங்கள். புது வேர் வரும்வரை உரம் கிடையாது. பயந்துபோய் 19:19:19 என்கிற கலப்பு உரத்தை அள்ளிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், தேறி வருகிற செடிக்கே லிட்டருக்கு 1 கிராமுக்கு மேல் வேண்டாம். தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வேரை நோய் என்று நினைத்து வெட்டாதீர்கள், தயவுசெய்து. டென்ட்ரோபியத்தில் இலை உதிர்ந்த பழைய தண்டையும் வெட்டாதீர்கள், சேமிப்பு அதில்தான் இருக்கிறது, சில சமயம் அதிலேயே பூவும் வரும். ஃபெலனாப்சிஸின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் காலையில்தான், ராத்திரியில் வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு வியாபாரம் குறைந்தாலும் பரவாயில்லை. ஃபெலனாப்சிஸ் மறுபடி பூக்க, சில வாரமாவது இரவில் நல்ல குளிர் வேண்டும். ஏற்காட்டிலோ ஊட்டியிலோ அது சும்மாவே கிடைக்கும். சென்னை மொட்டைமாடியில் மார்கழியிலேயே அது சந்தேகம். அதனால் முதல் செடியாக டென்ட்ரோபியம் வாங்குங்கள். காலை வெயில் விழும் கிழக்கு பால்கனி, மே மாதமானால் பச்சை வலை, கரி நிரப்பிய தொட்டி, அவ்வளவுதான். நம் புழுக்கத்தைப் பற்றி அது கவலைப்படுவதில்லை. ஐப்பசி அடைமழையில் மட்டும் கூரைக்குக் கீழே இழுத்துவிடுங்கள்.

அந்த அம்மாவின் செடியில் கழுத்தோரம் ஒரு வேர் முனை பச்சையாக இருந்தது. வெட்டிச் சுத்தம்செய்து கரியில் வைத்து, என் நிழல்வலைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். பிழைக்குமா என்று இன்னும் ஒரு மாதம் போனால் தெரியும். பீங்கான் தொட்டியை மட்டும் அன்றைக்கே கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அதில் கரண்டி போட்டு வைத்துக்கொள்ளச் சொல்லி.