எதற்கு ஓடி வர வேண்டும், எதற்குப் பொறுக்கலாம்?

மூளை, முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைப் பிரிவில் இரண்டு வகையானவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு ராத்திரியெல்லாம் தூங்காமல், காலையில் முதல் ஆளாக டோக்கன் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு வகை. அவர்களில் பெரும்பாலானோருக்கு அவசரம் எதுவும் இருக்காது. தைலம் தேய்த்து, சுளுக்கு எடுத்து, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மாத்திரையையும் போட்டுப் பார்த்துவிட்டு மூன்றாவது வாரம் வருபவர்கள் இன்னொரு வகை. இவர்களில் சிலர் முதல் நாளே வந்திருக்க வேண்டியவர்கள். ஓ.பி. நெரிசலில் ஒவ்வொருவரிடமும் இதை நிதானமாகச் சொல்ல முடிவதில்லை. அதனால் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டு இங்கே எழுதுகிறேன்.

"ஜவ்வு விலகிடுச்சுன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு. ஆபரேஷன்தானா டாக்டர்?"

'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், நரம்பு வேர் அழுத்தம்', அதாவது இடுப்பின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்ற வரியைப் பார்த்ததுமே பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். முதுகுவலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகள் பல உண்டு. அவற்றையெல்லாம் தொகுத்து 2015ல் ஒரு கட்டுரை வந்தது. வலி எதுவும் இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 80 வயதில் அது 84 சதவீதம். அதாவது உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் வரி, உங்கள் தெருவில் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் பாதிப் பேரின் ரிப்போர்ட்டிலும் இருக்கக்கூடும்.

அதனால் படத்துக்கு முன்னால் ஆளைப் பார்க்கிறேன். குதிகாலால் நடக்கச் சொல்வேன், நுனிக்காலில் நிற்கச் சொல்வேன். கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, என் விரலால் கீழே அழுத்திப் பார்ப்பேன். "செருப்பு தானாகக் கழன்று போகிறதா?" என்று கேட்பேன். இதற்குப் பெரும்பாலும் கூட வந்தவர்தான் பதில் சொல்வார்: "ஆமா சார், ஒத்தைச் செருப்போட வீட்டுக்கு வந்து நிக்கிறார். இன்னொண்ணு எங்க விழுந்துச்சுன்னே தெரியலைங்கிறார்." பாதத்தைத் தூக்கும் தசைக்குப் போகிற நரம்பு வலுவிழக்கிறது என்பதை அந்த ஒற்றைச் செருப்பு சொல்லிவிடும். இப்படிப்பட்டவரை மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்ப மாட்டேன்.

பலம் குறையவில்லை, இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கிற வலியும் மரத்துப்போதலும் மட்டும்தான் என்றால் கதை வேறு. பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் வலி நன்றாகவே தணிந்துவிடும். பிதுங்கி வெளியே வந்த ஜவ்வை உடலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. ஸ்கேனில் பயமுறுத்தும் பெரிய துண்டுதான் பல நேரம் சின்னப் பிதுக்கத்தைவிட வேகமாகச் சுருங்கும். நெதர்லாந்தில் கடுமையான கால் வலி இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சீக்கிரமே ஆபரேஷன் செய்தார்கள். மற்றவர்களை ஆபரேஷன் இல்லாமல் பொறுத்திருக்கச் சொன்னார்கள். முடிவு 2007ல் வெளியானது. ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது உண்மை. ஆனால் ஒரு வருடம் கழித்து இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தன. அதேசமயம், பொறுத்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வலி தாங்காமல் பிறகு ஆபரேஷனுக்கு வந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனவே வலிக்காக மட்டும் செய்யும் ஆபரேஷனில் முடிவு உங்களுடையது. தறி ஓட்டுபவருக்கும், டிரைவருக்கும், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கும் பொறுக்கும் அளவு ஒன்றாக இருக்காது.

பொறுக்கிற காலத்தில் படுத்தே கிடக்கத் தேவையில்லை. வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாள் போதும், அப்புறம் மெல்ல நடமாட வேண்டும். இடுப்பு பெல்ட்டை மாதக்கணக்கில் கட்டிக்கொண்டு திரிவதில் எனக்கு உடன்பாடில்லை.

"முதுகுல கத்தி வெச்சா கால் விழுந்துடும்னு எல்லாரும் சொல்றாங்களே?"

இந்தப் பயம் ஊர் முழுக்க இருக்கிறது. தண்டுவடம் என்பது மூளையிலிருந்து இறங்கி, பெரியவர்களுக்கு முதலாவது, இரண்டாவது இடுப்பு முள்ளெலும்புகளின் உயரத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நூல் நூலாக நரம்பு வேர்கள்தான் நீரில் மிதந்தபடி இறங்குகின்றன. நாம் அதிகம் ஆபரேஷன் செய்கிற எல்4-எல்5, எல்5-எஸ்1 இடங்கள் இதற்கெல்லாம் கீழே இருக்கின்றன. அங்கே ஒரு நரம்பு வேர் பாதிக்கப்படலாம், நரம்பு உறை கிழிந்து நீர் கசியலாம், கிருமித்தொற்று வரலாம், விலகிய ஜவ்வு மறுபடி விலகலாம். இந்தக் கடைசி விஷயம் சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு நடக்கிறது. இரண்டு காலும் மொத்தமாக விழுந்துவிடுவது மிக மிக அரிது. கால் விழுந்தவராக ஊரில் சுட்டிக்காட்டப்படுபவரின் பழைய கதையைத் தோண்டினால், பல நேரம் அவர் கால் பலம் போன பிறகு மாதக்கணக்கில் கழித்து ஆபரேஷனுக்குப் போனவராக இருப்பார்.

கழுத்திலும் நடுமுதுகிலும் தண்டுவடமே இருக்கிறது. அங்கே கணக்கு வேறு, எச்சரிக்கையும் கூடுதல். சட்டைப் பட்டன் போடத் தடுமாறுவது, கையெழுத்து மாறுவது, இருட்டில் நடந்தால் தள்ளாடுவது எல்லாம் கழுத்தில் தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறிகள். வலியே இல்லாமலும் வரும் என்பதால் ஏமாந்துவிடுகிறார்கள். சலூனில் கழுத்தை நெட்டி முறித்துக்கொள்ளும் பழக்கத்தை யாராக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போவதுண்டு.

"லேசர்ல பண்ணுவீங்களா?" என்றும் கேட்கிறார்கள். சின்னத் துளையில் செய்கிற எல்லாவற்றையும் மக்கள் லேசர் என்றே சொல்கிறார்கள். மைக்ராஸ்கோப் வைத்துச் செய்தாலும் எண்டோஸ்கோப் வைத்துச் செய்தாலும், தகுந்த ஆளுக்குச் செய்தால் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். தழும்பின் நீளத்தைவிட, ஆபரேஷன் உங்களுக்குத் தேவையா என்று சரியாகக் கணித்தாரா என்பதுதான் முக்கியம்.

இதற்கு மட்டும் பொறுக்காதீர்கள்

முதுகுவலியோடு சிறுநீர் போகவில்லை, அல்லது முட்டிக்கொண்டு நிற்பதே தெரியவில்லை. உட்காரும் இடமும் அந்தரங்கப் பகுதியும் மரத்துப்போய்விட்டன. கழுவும்போது தண்ணீர் படுவது தெரியவில்லை. இரண்டு காலிலும் பலம் குறைகிறது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும், ராத்திரியானாலும். ஒரு பெரிய ஜவ்வுத் துண்டு நரம்பு வேர்கள் மொத்தத்தையும் அழுத்திக்கொண்டிருக்கலாம். 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுத்தால் மீளும் வாய்ப்பு அதிகம் என்று எங்கள் துறையில் சொல்வோம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வலி கூடியதற்கு வருகிறவர்கள் சிறுநீர் நின்றதைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பெண்கள் ஆண் டாக்டரிடம் வெட்கப்படுகிறார்கள், சர்க்கரை உள்ளவர்கள் அதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

"தாத்தாவுக்குக் கொஞ்ச நாளா ஞாபகம் தப்புது, வயசாயிடுச்சு இல்ல?"

வயதானவர்களுக்கு மூளை சற்றுச் சுருங்கியிருக்கும். மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே ஓடும் சிறு ரத்தநாளங்கள் அப்போது இழுபட்டு நிற்கும். பாத்ரூம் வாசலில் லேசாக இடித்துக்கொண்டால்கூட அதில் ஒன்று அறுந்து, சொட்டுச் சொட்டாக ரத்தம் கசியும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று வாரம், ஒரு மாதம், சில சமயம் இரண்டு மாதம் கழித்துத்தான் வெளிப்படும்: தலைவலி, பகலெல்லாம் தூக்கம், ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை, சாப்பிட்டதையே மறப்பது, சம்பந்தமில்லாத பேச்சு. இதற்குள் இடித்துக்கொண்டதை எல்லோரும் மறந்திருப்பார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், நீண்ட நாள் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் இது அதிகம்.

ஒரு சாதாரண சி.டி. ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். மண்டையோட்டில் ஒன்றிரண்டு துளை போட்டு, பழைய ரத்தத்தை வடித்து, ஓரிரு நாள் குழாய் வைப்போம். தேவைப்பட்டால் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தே செய்துவிடலாம். 80 வயதைத் தாண்டியவர்களும் தாங்குகிறார்கள். ரத்தம் திரும்பச் சேர்வதற்குப் பத்தில் ஒருவருக்காவது வாய்ப்புண்டு, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். 'இந்த வயசுல மூளை ஆபரேஷனா?' என்று மகன்கள் தயங்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும். பெயரனின் பெயரை மறந்திருந்த மனிதர் மறுநாள் கண் விழித்து, "காபி எங்கே?" என்று அதட்டுவதை வார்டில் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். நாள்பட மெல்ல மெல்ல வரும் மறதி வேறு. சில வாரங்களில் திடீரென்று சரிகிற மறதி வேறு. இரண்டாவதற்கு ஸ்கேன் கட்டாயம். அதேபோல, ரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளைப் பயந்து நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

தலைவலியும் வலிப்பும்

தலைவலி என்றாலே மூளைக் கட்டி என்ற எண்ணம் இருக்கிறது. பெரும்பாலான தலைவலிகள் ஒற்றைத் தலைவலியாகவோ தசை இறுக்கமாகவோதான் இருக்கும். எனக்குப் பதற்றம் தருவது, சம்மட்டியால் அடித்தது போல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற, வாழ்க்கையிலேயே வராத தலைவலி. மூளை ரத்தக்குழாயில் இருந்த வீக்கம் வெடித்திருக்கலாம். மாத்திரையில் அது குறைந்தாலும் வர வேண்டும், ஏனென்றால் மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். தலையைத் திறந்து கிளிப் போடுவதோ, தொடை அல்லது கை வழியாகக் குழாய் செலுத்திச் சுருள் வைத்து அடைப்பதோ, வீக்கத்தின் இடத்தையும் வடிவத்தையும் பொறுத்தது. அதிகாலையில் வாந்தியோடு வந்து, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும் தலைவலியையும், பார்வை மங்குவதையும் ஒதுக்கக் கூடாது.

முதன்முறை வலிப்பு வந்த இளைஞரின் ஸ்கேனில் சின்ன வளையம் போல ஒன்று தெரியும். 'மூளையில கட்டி' என்று குடும்பமே அழுதுகொண்டு வரும். நம் நாட்டில் இப்படித் தெரிவதில் கணிசமானவை நாடாப்புழு முட்டையால் வந்த சிறு கொப்புளம்தான். ஒரு காலத்தில் இவற்றைக் காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் மருந்து கொடுப்பார்கள். வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த வேதாந்தம் ராஜசேகரும் மேத்யூ சாண்டியும் 1990களில் வெளியிட்ட ஆய்வுகள் அந்த எண்ணத்தை மாற்றின. ஒரே ஒரு புள்ளி, அளவு 20 மில்லிமீட்டருக்குள், வேறு நரம்புக் குறைபாடு இல்லை என்றால், வலிப்பு மருந்தோடு பொறுத்து மறு ஸ்கேன் எடுக்கலாம் என்ற வழிமுறை அங்கிருந்து வந்தது. பெரும்பாலானவை சில மாதங்களில் மறைந்துவிடுகின்றன. "நாங்க சுத்த சைவமாச்சே" என்பார்கள். புழு முட்டை வருவது அசுத்தமான தண்ணீரிலும், சரியாகக் கழுவாத கீரை, காய்கறியிலும், கழுவாத கையிலும். சைவம், அசைவம் என்று அது பார்ப்பதில்லை.

முகத்தில் ஷாக் அடிப்பது

பல் துலக்கினால், முகம் கழுவினால், காற்றுப் பட்டால்கூடக் கன்னத்தில் மின்சாரம் பாய்ந்தது போல சில நொடி வலி. இதற்குப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, அது போதாமல் அடுத்த பல்லையும் பிடுங்கிவிட்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கார்பமசெபின் மாத்திரையிலேயே பலருக்கு நன்றாகக் கேட்கும். தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்போ, வாயில் புண்ணோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் வாருங்கள். மருந்து கேட்காதபோது, நரம்பை அழுத்தும் ரத்தக்குழாயை விலக்கிவைக்கும் ஆபரேஷன் உண்டு. அது தாங்காத உடம்புக்கு ஊசி வழியாகவும் கதிர்வீச்சாலும் செய்யும் வழிகள் உண்டு.

விபத்து நடந்த இடத்தில்

தலையில் அடிபட்டவர் எழுந்து நின்று நன்றாகப் பேசினார், அதனால் வீட்டுக்குக் கூட்டிப்போனோம் என்பார்கள். எலும்புக்கும் உறைக்கும் நடுவே ரத்தம் சேரும்போது இப்படிச் சில மணி நேரம் தெளிவாக இருந்துவிட்டுச் சரிவதுண்டு. வாந்தி, மயக்கம், கூடும் தலைவலி, ஒரு கண்ணின் பாப்பா பெரிதாவது, எழுப்ப எழுப்ப எழாதது ஆகியவற்றில் எது வந்தாலும் 108. சோடா, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம்; கழுத்தை மடக்காமல், ஆட்டாமல் தூக்க வேண்டும். தமிழ்நாட்டில் நடக்கும் சாலை விபத்துகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற இந்தத் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. பணத்துக்கு அலைந்து நேரத்தை விடாதீர்கள்.

வரும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுவராமல் ஸ்கேன் ஃபிலிமையும், படம் பதிந்த சி.டி. தட்டையும் கொண்டுவாருங்கள். பழைய ஸ்கேன் இருந்தால் அதுவும் வேண்டும். ஆபரேஷன் என்று சொன்னால், செய்யாவிட்டால் என்ன ஆகும், எவ்வளவு நாள் பொறுக்கலாம், எது நடந்தால் பொறுக்கக் கூடாது என்ற மூன்றையும் கேளுங்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போகிறேன் என்று சொன்னால் எங்களில் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு பையில் போட்டு எடுத்துவாருங்கள். "வெள்ளையா, வட்டமா, சின்னதா இருக்கும் டாக்டர்" என்பதை வைத்து எங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.