கடுகின் காரம் மண்ணுக்குள் என்ன செய்கிறது?

காய்ந்த எண்ணெயில் வெடித்த கடுகில் காரம் இருக்காது. அதே கடுகைத் தண்ணீர் தெளித்துப் பச்சையாக அரைத்தால் மூக்கில் ஏறும். கடுகை விதைத்து மண்நோயைக் கட்டுப்படுத்தும் முறை முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

கடுகுச் செடியின் இலை, தண்டு, வேர், விதை எல்லாவற்றிலும் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மங்கள் உண்டு. அவற்றுக்குத் தனியாகக் காரம் கிடையாது. அவற்றை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதி அதே செடியில் வேறு செல்களுக்குள் இருக்கிறது. செல்கள் நசுங்கி, ஈரத்தில் இரண்டும் கலக்கும்போதுதான் ஐசோதயோசயனேட் என்ற நெடி பிறக்கிறது. எண்ணெய்ச் சூடு நொதியை அழித்துவிடுவதால் தாளிப்பில் அது வருவதில்லை. பூஞ்சைக்கும், வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவுக்கும் இந்த நெடி விஷம். மெட்டாம் சோடியம் என்ற ரசாயன மண் மருந்து வெளிவிடுவதும் இதே குடும்பத்து வாயுதான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா படுகை உருளைக்கிழங்கு விவசாயிகள் பலர் அந்த மருந்துக்குப் பதிலாகக் கடுகைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஆகஸ்டில் கோதுமை அறுவடை முடிந்ததும் கடுகு விதைப்பு. குளிர் இறுகுவதற்குள் மடக்கி உழவு. அடுத்த வசந்தத்தில் கிழங்கு நடவு. நம் ஊரில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டை மடக்கி உழுவது போலத்தான் தெரியும், ஆனால் இங்கே அவசரம் அதிகம். பூத்து நிற்கும் பயிரைத் தண்டு நார்நாராகக் கிழியும்படி பொடித்து, பின்னாலேயே ரோட்டாவேட்டர் விட்டு மண்ணில் கலக்க வேண்டும். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். வெட்டியதை மறுநாள் உழலாம் என்று விட்டால் நெடியில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். சரியாகச் செய்த வயல்களில் இன்னொரு லாபமும் கிடைத்தது: தண்ணீர் மண்ணுக்குள் வேகமாக இறங்கியது.

பழ மரத்தடியில் கதை வேறு. மரத்தின் உணவு உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவியிருக்கும்; அங்கே ஆழ உழுதால் மரத்துக்குத்தான் அடி. கடுகை வெட்டி மேலே போட்டால் நெடி மண்ணுக்குள் இறங்காது. ஆகவே, வளர்ந்த மரங்களுக்கு நடுவே கடுகு விதைத்தாலே மண்நோய் போய்விடும் என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். அங்கே அதற்கு வேறு வேலைகள் உண்டு. மழையில் கரைந்து போகும் நைட்ரேட்டைப் பிடித்து வைக்கும், களையை அமுக்கும், ஆணிவேரால் இறுகிய மண்ணில் வழி போடும். ஆப்பிள் பூக்கும் நேரத்துக்கு முன்பே அதை வெட்டிவிடுவது நல்லது. மஞ்சள் பூ பக்கத்தில் இருந்தால் தேனீ அங்கே திரும்பிவிடலாம்.

பழத்தோட்டத்தில் காரத்துக்கு உண்மையான வாய்ப்பு, பழைய மரங்களைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நடும் இடைவெளியில்தான். ஆப்பிள் இருந்த மண்ணில் மறுபடி ஆப்பிள் நட்டால் கன்றுகள் குன்றிப்போகும். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற கிருமிகளும் வேர் நூற்புழுவும் சேர்ந்து செய்யும் வேலை அது. அதே வாஷிங்டன் மாநிலத்து வெனாச்சியில், அமெரிக்க வேளாண் துறையின் மார்க் மசோலா, எண்ணெய் எடுத்த பழுப்புக் கடுகு, வெள்ளைக் கடுகுப் புண்ணாக்குகளைக் கலந்து நடவுக்கு முன் மண்ணில் இட்டுப் பார்த்தார். கன்றுகள் தேறின. எனக்கு மிகவும் பிடித்தது அதற்கடுத்த விஷயம்: நெடி ஓரிரு நாளில் அடங்கிவிடுகிறது, நோய் எதிர்ப்போ அதற்குப் பிறகும் வெகுகாலம் நிற்கிறது. காரணம், மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் கூட்டமே மாறிவிடுகிறது. கடுகின் உறவான ரேப் செடிப் புண்ணாக்கில் நெடியே குறைவு; அப்படியும் அது ரைசோக்டோனியாவை அடக்கியது. அந்தச் சோதனைகளில் வேலை செய்தவை பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்கள்.

கோஸ், காலிஃபிளவர் போடும் நிலத்தில் மட்டும் கவனம் வேண்டும். அவையும் கடுகுக் குடும்பம்தான், வேர்வீக்க நோய் கடுகிலிருந்து அவற்றுக்கும் தொற்றும். இன்னொரு பக்கம், நம் கோஸ் வயல்களில் இதே காரத்தை வைத்துத்தான் வைரமுதுகு அந்துப்பூச்சியை ஏமாற்றுகிறார்கள். நடவுக்குச் சுமார் 15 நாள் முன்பே ஒரு வரிசை கடுகு விதைத்தால், பூச்சி அந்த வாடை தேடி வந்து அதில் முட்டையிடும். மருந்து தெளிப்பதானால் அந்த வரிசைக்குத் தெளித்தால் பெரும்பாலும் போதும்.